மயிலாத்தா அக்காவின் தலைக்கு மேலே நான்கு போல்ட்டுகள்

இனிமேல் எனக்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் ஷெட்டுகளுக்கு நீங்கள்தான் போகப்போகிறீர்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து உங்கள் அறிக்கைகளைச் சரிபார்ப்பேன். கைக்குழந்தைக்காரி, அலைய முடியவில்லை என்று நானே கேட்டு வாங்கிய மாற்றம் இது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. கிணத்துக்கடவுப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர், அந்த மேடத்தை மட்டும் இனி அனுப்ப வேண்டாம் என்று போனில் சொன்னார். நம் சார் சரிங்க என்றார். நடந்தது அவ்வளவுதான்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று பலமுறை யோசித்தேன். கோபத்தில் எழுதுகிறேனோ என்று நிறுத்தினேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பப் படித்துவிட்டேன், பொய் எதுவும் இல்லை.

நான் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்து, படி இறங்கி, மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன். மகன் பிறந்த பிறகு இது கூடிவிட்டது. டே கேரிலிருந்து போன் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். அதனால் திரையில் ஒரு எண் குறைந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மெஷினை அல்ல, என்னைத்தான். இது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்கப்பட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் வேலையை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. போல்ட்டின் தலைக்கு அடியில் நாம் ஒரு வளையத்தை வைக்கிறோம். போல்ட் எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்று அந்த வளையம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இறுக்கும்போது எவ்வளவு பலம் கொடுத்தோம் என்பது வேறு, உள்ளே எவ்வளவு பிடிப்பு மிச்சம் இருக்கிறது என்பது வேறு. நம் மொத்தத் தொழிலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. இதை வாடிக்கையாளருக்குப் புரியவைப்பதுதான் கடினம்.

கடினம் என்றால், அவர்கள் சண்டை போடுவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் உங்களை யாரும் திட்டமாட்டார்கள். உட்காரச் சொல்வார்கள். டீ வரும், சில இடங்களில் இளநீரும் வரும். நீங்கள் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, பாத்துக்கலாமுங்க என்பார்கள். அந்த ஒரு சொல்லில் உங்கள் காரியம் முடிந்தது. முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொன்னால் வாதாடலாம். பாத்துக்கலாமுங்க என்பவரிடம் என்ன வாதாடுவது?

அந்தக் கிணத்துக்கடவுக்காரரின் ஷெட், பம்ப்செட் மோட்டார்களுக்கு உள்ளே வைக்கும் தகடுகளை வெட்டுகிற பிரஸ் ஷெட். சுற்றிலும் அவர்களுடைய தென்னந்தோப்பு. அங்கே இருந்த பெரிய பிரஸ்ஸின் பின்பக்கத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, அதை ஓட்டும் மோட்டார் ஓர் இரும்புப் பிராக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. பிராக்கெட்டைப் பிரஸ்ஸோடு பிடித்திருந்தவை நான்கு போல்ட்டுகள். வெட்டிய தகடுகள் பின்பக்கச் சரிவு வழியாக வந்து விழும். அவற்றைப் பொறுக்கி அடுக்க அந்த மோட்டாருக்கு நேர் கீழே பெண்கள் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் மயிலாத்தா அக்கா. அன்னூரிலிருந்து கட்டிக்கொடுத்து வந்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வெளியே வந்தாலும் அதே குரலில்தான் பேசுவார்.

சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி, தலைக்கு மேலே தொங்கும் பாரங்களைக் கண்காணிக்க வேண்டும் என்று தணிக்கையில் சொன்னதால்தான் நம்மைக் கூப்பிட்டார்கள். முதலாளிக்கு இதில் ஆர்வம் இல்லை. வளையங்கள் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், இருந்தால் போதும் அவருக்கு. நான்கு போல்ட்டுகளிலும் வைத்தோம். எண்கள் அவருடைய அறையில் ஒரு திரையிலும் என் போனிலும் தெரிந்தன. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

ஆயுத பூஜை வந்தது. நம் பக்கத்து ஷெட்டுகளில் அது எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மெஷினைப் பிரித்துக் கழுவி, துடைத்து, பெயின்ட் அடித்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்துவார்கள். அந்த வருடம் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் பழனிச்சாமி அண்ணன் பிராக்கெட்டையும் கழற்றி இறக்கியிருக்கிறார். அரைகுறையாக வேலை செய்ய அவருக்கு வராது. வெளியே மட்டும் அடித்தால் உள்ளே துருப்பிடிக்கும் என்று, பிராக்கெட்டும் பிரஸ்ஸும் ஒன்றோடொன்று ஒட்டுகிற இரண்டு முகங்களிலும் பிரைமர் அடித்து, அதன் மேல் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார். போல்ட்டுகளுக்கும் மரையோடு சேர்த்துப் பச்சை. அது காய்ந்த பிறகு ஏற்றி, இறுக்கும் பலத்தை அளக்கிற டார்க் ரென்ச் வைத்து, குறித்த அளவில் டக் என்று சத்தம் வரும்வரை இறுக்கியிருக்கிறார். பிறகு எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நம் வளையத்துக்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார். மற்ற மெஷின்களுக்குக் கிடைத்த மரியாதை அதற்கும் கிடைத்தது.

அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டும் முகங்கள் வெறும் இரும்பாக இருக்க வேண்டும், நடுவில் பெயின்ட் இருந்தால் அதிர அதிர அது நசுங்கி ஒதுங்கும், ஒதுங்கிய அளவுக்குப் பிடிப்பு போகும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? நாம் சொன்னோமாம். ஆங்கிலத்தில் ஒரு பிடிஎஃப் கோப்பில், நடுவில் எங்கோ ஒரு வரியில், முதலாளியின் ஈமெயிலுக்கு. ரென்ச்சைப் பிடிக்கிறவருக்கு அல்ல. இதை நம் ஆபீசில் சொன்னபோது, அனுப்பியாச்சில்ல, நம்ம பொறுப்பு முடிஞ்சுது என்றார்கள். என் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பிரஸ் ஓடியது. மதியத்துக்குள் நான்கு எண்களும் இறங்க ஆரம்பித்தன. ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் வளையம் கெட்டது என்று நினைத்திருப்பேன். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாக, நிற்காமல் இறங்கின. பழனிச்சாமி அண்ணனைப் போட்டோ அனுப்பச் சொல்லி, எல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. நான் முதலில் பொருத்தியதே தப்போ, வெயில் சூட்டில் எண் நகர்கிறதோ என்று எல்லா வழியிலும் யோசித்தேன்.

மறுநாள் எண்கள் எச்சரிக்கை அளவைத் தாண்டிக் கீழே போய்விட்டன. முதலாளிக்குச் சொன்னேன். பாத்துக்கலாமுங்க என்றார். எழுத்திலும் அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. நம் சாரிடம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் உங்களிடமும் ஒரு நாள் இதே குரலில் சொல்வார்கள்.

"ஏம்மா, அந்த லிமிட்டைக் கொஞ்சம் எறக்கி வெச்சுடு. அலாரம் அடிச்சுக்கிட்டே இருந்தா அவங்களுக்கு எரிச்சலாகுதில்ல? அடுத்த வாரம் போய்ப் பாத்துக்கலாம்."

அது மோட்டாரின் பாரத்தையும் அதிர்வையும் வைத்துக் கணக்குப் போட்டு வைத்த அளவு என்றேன்.

"கணக்கு நீ போட்டதுதானே?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் தைத்தது. அன்று மாலை மகனுக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டே அந்தக் கணக்கை முதலிலிருந்து போட்டேன். ஒரு வாய் ஊட்டுவது, ஒரு வரி போடுவது. விடை மாறவில்லை. லிமிட்டை நான் தொடவில்லை. தொடவும் மாட்டேன் என்று சாருக்குச் செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, வேலை போய்விடுமோ, இன்னும் பணிவாக எழுதியிருக்கலாமோ என்று அதையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் காலை யாரும் அனுப்பாமலே கிளம்பிப் போனேன்.

பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மயிலாத்தா அக்காவும் இன்னும் சிலரும் தகடு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதலாளியிடம் நிறுத்தச் சொன்னேன். அவர் வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர், படித்தவர், தன்மையாகப் பேசுகிறவர். பூஜை போட்டு ஓட்ட ஆரம்பித்த வாரத்திலேயே மெஷினை நிறுத்துவது நல்லதல்ல, அபசகுனம், வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள் என்றார். சந்தேகம் தீர்வதற்காகப் பழனிச்சாமி அண்ணனை ஏணி போட்டு ஏறச் சொன்னார். ஓடுகிற மெஷினிலேயே அவர் ஏறி, மேல் போல்ட்டில் டார்க் ரென்ச்சை வைத்து இழுத்தார். போல்ட் அசையவே இல்லை. டக் என்று சத்தம் மட்டும் வந்தது. அடுத்ததிலும் டக்.

"பாத்தீங்களாம்மணி? இரும்பு மாதிரி நிக்குது" என்றார் மேலே இருந்து.

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். தோற்கடித்த சிரிப்பு அல்ல, பரிதாபச் சிரிப்பு. அந்த டக் சத்தத்தை நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள். அதைக் கேட்டதும் சுற்றி நிற்கிற எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் நானும் ஒரு கணம் அதை நம்பிவிட்டேன்.

பிறகு யோசித்தேன். மரையில் பெயின்ட் காய்ந்து இறுகியிருக்கிறது. இழுக்கிற பலத்தை எல்லாம் அந்தப் பெயின்ட்டே தின்றுவிடுகிறது. ரென்ச்சுக்கு எதிர்ப்புத் தெரிகிறது, டக் என்கிறது. உள்ளே பிடிப்பு இருக்கிறதா என்று அதற்கு எப்படித் தெரியும்? இதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். குழந்தையின் பால் பாட்டில் மரையில் பால் காய்ந்திருந்தால், மூடியை எவ்வளவு முறுக்கினாலும் இறுகின மாதிரிதான் இருக்கும், கவிழ்த்தால் ஒழுகும் என்றேன்.

முதலாளி, "ஏனுங்க மேடம், இங்கயும் பால் பாட்டிலுங்களா?" என்றார். கணக்குப்பிள்ளை வரைக்கும் சிரித்தார்கள். பிள்ளை பெற்று வந்ததிலிருந்து மேடத்துக்கு எதைப் பார்த்தாலும் விழுகிற மாதிரியே இருக்கிறது என்று யாரோ சேர்த்துச் சொன்னார்கள்.

நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். சொல்கிறவள் பயந்தவள் என்பதற்காக விழாமல் நிற்கிற பாரம் என்று ஒன்று உலகத்தில் இல்லை. என் பயத்தைப் பற்றி அவர்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாகவே இருக்கட்டும். அது போல்ட்டைப் பற்றிய பேச்சே அல்ல.

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே நான் போய்ப் பிரஸ்ஸின் சிவப்புப் பட்டனை அமுக்கினேன்.

மெஷின் ஓய்ந்தது. ஷெட்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. நான் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். முதலாளியின் முகம் மாறிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் பழனிச்சாமி அண்ணனிடம், பீலர் கேஜ் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சந்துக்குள் விட்டுப் பார்க்கிற மெல்லிய இரும்புத் தகடுகள், அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். பிராக்கெட் பிரஸ்ஸோடு ஒட்டுகிற மேல் விளிம்பில் விட்டுப் பாருங்கண்ணா, போகவில்லை என்றால் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன்.

அவர் விட்டுப் பார்த்தார். தகடு போனது. இன்னும் தடிமனான தகட்டை எடுத்தார். அதுவும் அவருடைய விரல் பிராக்கெட்டில் முட்டும்வரை போனது. அவர் கீழே பார்த்து, "ஏனுங்க, எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க எல்லாரும்" என்று மட்டும் சொன்னார். இறங்கி வந்து, நேராகப் போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். முதலாளியிடம் கேட்கவில்லை.

செயின் போட்டு பிராக்கெட்டை இறக்கியபோது, ஒட்டும் முகத்தில் பெயின்ட் மென்று துப்பிய மாதிரி ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தது. மேல் போல்ட் ஒன்று, மரையில் இருந்த பெயின்ட் உடைந்ததும், வெறும் கையால் சுழன்று வந்தது. இறுக்கமாக இருக்கிறது என்று சற்று முன்னால் டக் சொன்ன அதே போல்ட். இரண்டு முகங்களையும் வெறும் இரும்பு தெரியும்வரை பழனிச்சாமி அண்ணனே சுரண்டினார். மரைகளைச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றினோம். எண்கள் ஏறின, நின்றன.

அப்போதாவது யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனைமலை மாசாணியம்மன்தான் காப்பாற்றினாள் என்று முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மன் காப்பாற்றியிருக்கலாம், எனக்கும் நம்பிக்கை உண்டு. ஆனால் அம்மனுக்கு முன்னால் அவருக்கு நான்கு எண்கள் தெரிந்திருந்தன. அதன் பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "இருந்தாலும் நீங்க பட்டனை அமுக்கியிருக்கக் கூடாதுங்க மேடம். எங்க ஆளுக முன்னால எனக்கு என்ன மரியாதைங்க?" என்றார். அப்போதும் குரல் உயரவில்லை. டீ வரவழைத்தார்.

அந்த டீயைக் குடிக்காமல் வெளியே வந்தபோது மயிலாத்தா அக்கா வந்து நின்றார். அந்த மோட்டார் என்ன கனம் இருக்கும் என்று கேட்டார். சொன்னேன். எவ்வளவு நாளாக அப்படி இருந்தது என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். உங்க ஆபீசுக்குத் தெரியும்" என்று விரல் மடக்கினார். "அது கீழ ஒக்காந்திருந்தவளுக்கு மட்டும் தெரியாது. ஏங் கண்ணு?"

நான் அனுப்ப வேண்டியவர்களுக்கு எல்லாம் அனுப்பியிருந்தேன், விதிப்படி, நேரப்படி. அந்த விதியை எழுதியவர்கள் யாரும் அந்த முக்காலியில் உட்கார்ந்தவர்கள் இல்லை. போல்ட்டின் பிடிப்பைச் சொல்ல இவ்வளவு நுட்பமான கருவி செய்கிறோம். எந்தத் தலையைக் காக்க அதைச் செய்தோமோ, அந்தத் தலைக்கு அது சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

பிராக்கெட்டுக்குக் கீழே, உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு நேராக ஒரு விளக்கு வேண்டும் என்று கேட்டேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. எவ்வளவு எளிய காரியம்! நம் சார், அது ஒப்பந்தத்தில் இல்லை என்றார். முதலாளி, பொம்பளைகள் பயந்துகொள்வார்கள், சும்மா சும்மா எழுந்து போவார்கள், வேலை நிற்கும் என்றார். வேலை நிற்பதற்காகத்தானே விளக்கு என்றேன். அதைப் பணிவாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். தணிக்கைக்கு வேண்டிய நிறைவுச் சான்றில் என் கையெழுத்து தேவைப்பட்டது. விளக்கு இல்லாமல் போடமாட்டேன் என்றேன். இழுபறியாக இருந்தது. கடைசியில் பழனிச்சாமி அண்ணன் யாரையும் கேட்காமல் ஒரு விளக்கை வாங்கி மாட்டிவிட்டு, கம்பி மட்டும் நீங்க இழுத்துக் குடுத்துருங்கம்மணி என்று போன் செய்தார். போய் இழுத்துக் கொடுத்தேன். சிவப்பு எரிந்தால் என்ன அர்த்தம் என்று மயிலாத்தா அக்காவிடமும் மற்றவர்களிடமும் சொல்லி, என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அந்த மேடம் வேண்டாம் என்ற போன்.

இதுவரை எழுதி, இதை உங்களுக்குக் கொடுக்கலாமா, என் மனக்குறையை உங்கள் தலையில் கட்டுகிறேனோ என்று வைத்திருந்தேன். இன்று காலை மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது மயிலாத்தா அக்கா கூப்பிட்டார்.

"கண்ணு, வெளக்கு செவப்பா எரியுது. சென்சாருதான் கெட்டுப்போச்சாம். ஒக்காந்து வேலையப் பாருங்கன்னு சொல்றாங்க."

அக்கா, முதலில் எழுந்து வெளியே வாருங்கள் என்றேன்.

"வெளிய வந்துபோட்டுத்தான் கண்ணு பேசறேன். எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து தோப்புல நிக்கறேன்."

அங்கே நான் போகக் கூடாது. மதியம் உங்களைத்தான் அனுப்பப்போகிறார்கள். சென்சார் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். வயரை எலி கடித்திருக்கலாம். எனக்குத் தெரியாது. நீங்கள் போனதும் டீ வரும், குடித்துக்கொள்ளுங்கள். பழனிச்சாமி அண்ணனைக் கூட வைத்துக்கொண்டு நிதானமாகப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும். நீங்கள் பார்த்து முடிக்கும்வரை, தோப்பில் நிற்கிறவர்கள் தோப்பிலேயே நிற்கட்டும்.